அக்னிவீராகச் சேர்ந்து, பட்டமும் வாங்கி, விமானி ஆக முடியுமா?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 17 முடிந்து 10 மாதம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து 78 சதவீதம் எடுத்திருக்கிறார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 'விமானப்படையில் அக்னிவீராகச் சேர்ந்துவிட்டால் சம்பளமும் வரும், தபால் வழியில் பட்டமும் படித்துவிடலாம், அப்படியே விமானி ஆகிவிடலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். இது நடக்குமா சார்? எஸ்எஸ்பி (படை அதிகாரிகளுக்கான நேர்முகத் தேர்வு) பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள், அதையும் கட்டிச் சேரட்டுமா?' இதுதான் அவர் கேள்வி.

நடக்கும், தம்பி. ஆனால் மிக ஒடுக்கமான பாதை. அதை விட அகலமான பாதைகள் இரண்டு இன்றைக்கு உங்கள் முன்னால் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ஒடுக்கமானதில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய விமானப்படையில் விமானம் ஓட்டுகிற அத்தனை பேரும் அதிகாரிகள். அக்னிவீர்வாயு, அதாவது விமானப்படையின் நான்கு ஆண்டு அக்னிவீர் பணி, அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ஏர்மேன் வரிசையில் வருவது. விமானத்தைப் பராமரிக்கலாம், ஆயுதம் ஏற்றலாம், தகவல் தொடர்பைக் கவனிக்கலாம். எத்தனை ஆண்டு நன்றாக வேலை செய்தாலும் அந்த வரிசையிலிருந்து பதவி உயர்வாக விமானி இருக்கை வராது. அதற்கு அதிகாரித் தேர்வு என்ற வேறு வாசல் வழியாக, வெளியிலிருந்து வருகிற மாணவரைப் போலவேதான் உள்ளே வர வேண்டும்.

நானும் ஏர்மேனாக இருந்தவன்தான். விமானம் கிளம்பும் முன் ஏணியில் ஏறி, விமானியின் தோள் பட்டைகளை இழுத்து மாட்டிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு கீழே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற வேலை. என்னோடு அறையில் இருந்த ஒருவர் உங்களைப் போலவே விமானி ஆகத் துடித்தவர். இரவு ஷிப்ட் முடித்து வந்து, மற்றவர்கள் தூங்கும் அறையில் டார்ச் வெளிச்சத்தில் அசைன்மென்ட் எழுதுவார். இரண்டு தடவை தேர்வு நேரத்தில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார், அரியர் விழுந்தது. பட்டம் கைக்கு வந்த வாரம் பாரக் முழுக்க இனிப்பு கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 25. விமானி தேர்வுக்கான வயது தாண்டி ஓராண்டு ஆகியிருந்தது. அவர் படிப்பில் குறை இல்லை, பிறந்த தேதியைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பட்டதாரிகள் விமானி ஆவதற்கு இரண்டு எழுத்துத் தேர்வுகள் உண்டு. ஒன்று யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ், இன்னொன்று விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட். இரண்டும் ஆண்டுக்கு இரு முறை. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. இந்த 24 என்பது தேர்வு எழுதும் நாளில் உள்ள வயது இல்லை, பயிற்சி தொடங்கும் நாளில் உள்ள வயது. எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து பயிற்சி தொடங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடும். ஆகவே 23-ஐத் தாண்டி எழுதும் தேர்வு பெரும்பாலும் வீண்.

நீங்கள் 18 வயது 4 மாதத்தில் அக்னிவீராகச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பப் பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போய், அடுத்த சேர்க்கையில் இக்னோ என்ற மத்திய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும்போது 19 ஆகியிருக்கும். ஒரு தாளும் தவறாமல் 3 ஆண்டில் முடித்தால் பட்டம் வரும்போது வயது 22. நான்கு ஆண்டுப் பணியும் அதை ஒட்டியே முடிகிறது. அப்புறம் 23 வரைக்கும் இரண்டு ஏஎஃப்கேட், இரண்டு சிடிஎஸ் கிடைக்கும். ஒரு ஆண்டு சறுக்கினால் அந்த நான்கும் போய்விடும். இக்னோ இளநிலைப் பட்டத்துக்கு 6 ஆண்டு வரை அவகாசம் தருகிறது. அந்தத் தாராளத்தை நம்பித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் மட்டும் வயது வரம்பு 26 வரை நீளும். உங்கள் குடும்பச் சூழலில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, அகலமான பாதைக்கு வருவோம். உங்கள் வயதுக்கு முதல் தேர்வு என்டிஏ எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வுதான். பயிற்சி தொடங்கும்போது 16½ முதல் 19½ வயதுக்குள் இருக்க வேண்டும். விமானப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும், உங்களிடம் இருக்கின்றன. உங்கள் வயதுக்கு இன்னும் இரண்டு தடவை எழுத இடம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு, கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும் வீட்டிலிருந்து போக வேண்டும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் அங்கேயே கிடைக்கிறது. பிறகு ஹைதராபாத் அருகே துண்டிக்கல் அகாடமியில் பறக்கும் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையோடு. படையில் இருந்துகொண்டே பட்டம், பட்டத்தோடு விமானி வேலை என்று நீங்கள் கேட்டது அப்படியே இதில் இருக்கிறது. கணிதத் தாள் 300 மதிப்பெண், பொதுத் திறன் தாள் 600, நேர்முகம் 900. பிளஸ் டூ கணிதம் கையில் சூடாக இருக்கிற இந்த ஓராண்டை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

என்டிஏ தவறினால் என்ன செய்வது என்று காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள். சேரும் முன் அங்கே என்சிசி ஏர் விங் (விமானப் பிரிவு) இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல கல்லூரிகளில் ராணுவப் பிரிவு மட்டும்தான் இருக்கும். ஏர் விங்கில் மூன்றாண்டு முடித்து சி சான்றிதழ் வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத்துக்குப் போக தனி ஒதுக்கீடு உண்டு. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இப்படிப் படித்தால் 21 வயதில் பட்டம் கையில் இருக்கும். அக்னிவீர் வழியை விட ஓராண்டு கூடுதல் அவகாசம், அதாவது நான்கு தேர்வுகள் கூடுதல்.

பட்டத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், ஏஎஃப்கேட்டுக்கு அது கட்டாயம். பிளஸ் டூ கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது ஏஎஃப்கேட்டுக்கு முக்கியமில்லை. பட்டம் முடித்துக் கடற்படை விமானி ஆக நினைத்தால் பொறியியல் பட்டம் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வீட்டுக்கு இந்த மாதமே பணம் தேவை என்ற நிலை இருக்கலாம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அக்னிவீருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் பணி முடிவில் திரும்பக் கிடைக்கும் சேவா நிதிக்குப் போய் கையில் 21,000 வரும். நான்கு ஆண்டு முடிவில் அரசின் பங்கும் சேர்ந்து 10 லட்சத்துக்கு மேல் வரியில்லாமல் கிடைக்கும். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வார்கள். இடையில் 'எனக்கு வேண்டாம்' என்று சொந்த விருப்பத்தில் வெளியேறவும் சாதாரணமாக முடியாது.

அந்த வழியில்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டாம். ஜோத்பூரிலோ தேஜ்பூரிலோ போஸ்டிங் இருக்கும்போது தேர்வுக்காகத் தமிழ்நாடு வந்துபோக லீவு கிடைக்காது. ஆண்டுக்கு 30 நாள்தான் விடுமுறை. இக்னோ என்றால் தேர்வு மையத்தை இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அக்னிவீர்களுக்கென்றே இக்னோவில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதில் பாதி மதிப்பலகுகள் (கிரெடிட்) படையில் பெறும் பயிற்சிக்கே கிடைத்துவிடும். பி.எஸ்சி. எடுக்காதீர்கள். செய்முறை வகுப்புக்கு நாள் கணக்கில் நேரில் போக வேண்டியிருக்கும், ஷிப்ட் வேலையில் அது முடியாது. அசைன்மென்ட்டை ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு இரண்டு மாதம் முன்பே முடித்து அனுப்பிவிடுங்கள். சேரும்போது கையெழுத்துப் போடும் நிபந்தனைகளில், மேற்படிப்பு பற்றியும் வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பது பற்றியும் உள்ள பத்திகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். யூனிட்டில் அனுமதி கேட்டால் வாய்மொழியாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பயணிகள் விமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி: அதற்கான உரிமத்துக்குப் பட்டமே தேவையில்லை, இயற்பியல், கணிதத்தோடு பிளஸ் டூவும் 200 மணி நேரப் பறத்தலும் போதும். செலவுதான் அரைக் கோடியை ஒட்டியோ தாண்டியோ போகும். சேவா நிதிப் பணம் அதில் ஒரு மூலைக்குத்தான் காணும்.

இனி அந்த 40,000 ரூபாய். இப்போது கட்டாதீர்கள். அதற்கு முன் சில நூறு ரூபாய் செலவில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. கண் மருத்துவரிடம் போய்க் கிட்டப்பார்வை இருக்கிறதா, நிறங்களைச் சரியாகப் பிரித்தறிகிறீர்களா என்று எழுதி வாங்குங்கள். கிட்டப்பார்வை இருந்தால் பறக்கும் பிரிவு கிடைப்பது மிகக் கடினம். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். அப்புறம் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அப்பாவை அளக்கச் சொல்லுங்கள். 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். விமானி அறைக்குள் கால் பெடலை எட்டவும் வேண்டும், அந்த இடத்துக்குள் அடங்கவும் வேண்டும், அதற்காகத்தான் இந்த அளவு.

இவை சரியாக இருந்து, எழுத்துத் தேர்விலும் தேறி, மைசூரு போன்ற ஒரு மையத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு பயிற்சி பற்றி யோசிக்கலாம். அங்கே பரிந்துரைக்கப்பட்டவர்களுக்குக் கணினியும் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்து சிபிஎஸ்எஸ் என்ற விமானித் திறன் தேர்வு நடக்கும். வாழ்நாளில் ஒரே முறைதான். என்டிஏ வழியாகப் போய் அதில் தவறினாலும், பின்னால் சிடிஎஸ், ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்கு வர முடியாது. அதனால் முதல் நாள் இரவு பஸ்ஸில் முழித்துக்கொண்டு போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே மைசூரு போய்ச் சேருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து மையத்துக்குள் போங்கள்.