யோசேப்பு, சூசை, யூசுப்: பெயர் கேள்விகளுக்குப் பதில்

மகனுக்கு ஜோசப் என்று பெயர் வைக்க ஆசை. அப்பப்பாவின் பெயர் சூசைப்பிள்ளை. இரண்டும் ஒன்றா? – தாண்டவன்வெளி

ஒன்றேதான். எபிரேய மூலம் யோசேப். 'கூட்டித் தருவார்' என்று பொருள். நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ராகேல், 'இன்னொரு மகனையும் தருவாராக' என்று வேண்டி வைத்த பெயர் என்கிறது ஆதியாகமம் 30:24. அதற்கு முந்திய வசனத்தில் 'என் நிந்தையை நீக்கினார்' என்கிறாள். 'நீக்கினார்' என்பதற்கான எபிரேயச் சொல் ஆசாப். இரண்டு சொல்லும் ஒலியில் ஒட்டுவதால், குறை நீங்கியதும் வரம் கூடியதும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

சூசை போர்த்துக்கேய வடிவம். 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்களின் மொழியில் இந்தப் பெயரின் முதல் ஒலி ஜகரமுமல்ல, சகரமுமல்ல, இடைப்பட்ட உரசல். தமிழ் நாவில் அது 'சூ' ஆயிற்று. வீரமாமுனிவரோ பொருளைப் பிடித்து, தேம்பாவணியில் 'வளன்' என்றார். 'வளனார்' என்று நாம் சொல்வது அதைத்தான். பிள்ளைக்கு வளன் என்றே வைக்கலாம்; அழகான பெயர்.

ஜோசப்பா, யோசப்பா? எது சரி?

எபிரேயத்தில் ஜ ஒலி இல்லை, முதலெழுத்து 'யோத்'. யூலை, யப்பான் என்று எழுதும் நம் வழக்கம் இங்கே மூலத்தோடு ஒத்துப்போகிறது. எதை எடுத்தாலும், 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியும்போதே ஆங்கில எழுத்துகளையும் முடிவுசெய்து எழுதிக்கொண்டு போங்கள். பாடசாலைப் பதிவில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று என்றானால் பிறகு அலைச்சல்தான்.

யூசுப் அரபுப் பெயர்தானே? – காத்தான்குடி

குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தின் பெயரே யூசுப். ஆனாலும் அரபு இலக்கணம் அதை 'அஜமி', அதாவது வேற்றுமொழிப் பெயர், என்றே வகுக்கிறது. அதனால்தான் முஹம்மதுன் என்பதுபோல யூசுபுன் என்று தன்வீன், அதாவது சொல்லிறுதி 'ன்' ஒலி, ஏறுவதில்லை.

'ஏல்' என்று முடிந்தால் கடவுள் என்று பொருளா? – கல்முனை

பெரும்பாலும் ஆம். தானியேல், 'கடவுள் என் நீதிபதி'. இஸ்மாயில், 'கடவுள் கேட்கிறார்'. நம் பக்கத்து இஸ்மாலெவ்வைக்குள்ளும் இருப்பது அதுவே. மிக்கேல் என்றால் 'கடவுளைப் போன்றவர்' என்று பலர் எழுதுவது பிழை. அது ஒரு கேள்வி: 'கடவுளுக்கு நிகர் யார்?' ராகேலை மட்டும் இப்படிப் பிரிக்காதீர்கள். அங்கே லகரம் வேர்ச்சொல்லிலேயே உள்ளது. பொருள், பெண் செம்மறி.

ரூபன்?

விவிலிய ரூபன் 'பாருங்கள், மகன்!' மற்ற வீடுகளின் ரூபன் வடமொழி 'ரூப'த்திலிருந்து வந்தது. உறவில்லை, ஒலி ஒற்றுமைதான்.