'நானே மாட்டித் தர்றேன்' என்பவரிடம் முதலில் கொட்டேஷன் கேளுங்கள்

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த மகனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமாம். 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தஞ்சாவூர் கடை ஒன்றில் 84,000 சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒருவர் விண்டோஸ், கேம்ஸ் எல்லாம் ஏற்றி 71,000-க்குப் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். தெரிந்த பையன் ஒருவன், 'பொருளெல்லாம் நானே வாங்கி மாட்டித் தர்றேன், கூலி 3,000 போதும்' என்கிறான். யாரை நம்பலாம்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பழகிய கைக்கு இரண்டு மணி நேர வேலை. எட்டாவது மாதம் திரை இருட்டாகி நின்றால் பெட்டியை யாரிடம் தூக்கிக்கொண்டு போவது? ஆளைத் தேடுவது அதற்காகத்தான்.

மூன்று பேரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் பெயர், விலை, வாரண்டி ஆண்டு போட்ட கொட்டேஷன். 'ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் அந்த ஆளை அங்கேயே விட்டுவிடுங்கள். ஐ7 என்பது இன்டெல் ப்ராசசரின், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப்பின் பெயர்; 2008-லிருந்து இருக்கிறது. 2011-இல் வந்த 2-ஆம் தலைமுறை ஐ7-2600-ஐப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, புது கேபினட்டில் வைத்து, நாலு கலர் ஃபேன் சுழலவிட்டால் பார்ப்பதற்கு ஜம்மென்றுதான் இருக்கும். இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதை, ஒருசில தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. '4 ஜிபி கிராபிக்ஸ்' என்பதும் இதே கதைதான். என்விடியாவின் ஜிடி 730 என்ற கிராபிக்ஸ் கார்டிலும் 4 ஜிபி உண்டு. அது 2014-இல் வந்த கார்டு. ஜிபி என்பது நினைவகத்தின் அளவு, வேகம் இல்லை. ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டான 'ஆர்எக்ஸ் 580' என்று சொன்னால் பின்னால் '2048எஸ்பி' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அசலைவிடக் குறைத்த சிப்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. கொட்டேஷனில் 11,000, 12,000 குறைகிறது என்றால் பெரும்பாலும் இதிலும், எல்லாப் பொருளும் செருகும் மதர்போர்டிலும்தான் கை வைத்திருப்பார்கள். கேபினட்டோடு இலவசமாக வருகிற '500 வாட்' பெட்டி கேம் ஓடும்போது திணறும். வெடித்தால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் தரத்தை அல்ல. உங்களுக்கு எளிய அளவுகோல் வாரண்டி: 5 ஆண்டு இல்லாததைத் தொடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்குமே என்விடியா சொல்வது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கேபினட்டைத் தொட்டால் 'ஜிவ்'வென்று இழுக்கிறதா? குறை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டு எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 600 விஏ யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்தால் போதாது, 1,000 விஏ வேண்டும்.

பெட்டி இல்லாத பொருளை வாங்காதீர்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, ப்ராசசர். இன்டெலும் ஏஎம்டியும் மொத்தமாக அசெம்பிள் செய்பவர்களுக்குப் பெட்டியும் கூலரும் இல்லாமல் தட்டில் அடுக்கி விற்பதைக் கடையில் 'ட்ரே' என்பார்கள். சிப் அதேதான், திருட்டுச் சரக்கு இல்லை, விலையும் குறைவு. ஆனால் பழுதானால் கம்பெனி உங்களை நேராக ஏற்காது, 'விற்றவரிடம் போ' என்று அனுப்பிவிடும். அதனால் பில்லில் 'ட்ரே' என்றும், கடை தருகிற வாரண்டி எத்தனை ஆண்டு என்றும் எழுதி வாங்க வேண்டும். கூலர் தனியாக வாங்க வேண்டியிருப்பதால், ட்ரேயில் மிச்சமாகும் தொகை கூலர் விலையைவிடக் குறைவு என்றால் கூலரும் சேர்ந்து பெட்டியோடு வருவதே லாபம். இந்தச் சலுகை ப்ராசசரோடு சரி. 'கிராபிக்ஸ் கார்டும் ட்ரேதான் சார்' என்று ஒருவர் சொன்னால், அது வேறெதிலிருந்தோ கழற்றியது.

தெரிந்த பையனிடம் சிக்கல் திறமை இல்லை, பில். அவன் பெயரில் வாங்கி, நாளைக்கு அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் வாரண்டியும் பஸ் ஏறிவிடும். கடைக்கு நீங்களே பணம் கட்டி, உங்கள் பெயரில் சீரியல் எண்களோடு ஜி.எஸ்.டி. பில் வாங்கி, கூலியை மட்டும் அவனிடம் கொடுப்பதானால் தாராளமாகச் செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் ஆளை விட்டுவிடலாம். கேம்ஸ் 'ஏற்றித்' தருவதாகச் சொல்வது திருட்டு நகல். அதோடு வைரஸும் வரும்.

என் ஓட்டு தஞ்சாவூர் கடைக்கு. கலர் ஃபேனையும் கண்ணாடிக் கதவையும் குறைத்தால் அந்த 4,000-இல் பெரும்பகுதி இறங்கும். முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் உள்ள கேபினட் கேளுங்கள். அறுவடை மெஷின் ஓடும் தை மாதத்தில் வைக்கோல் தூசி இரண்டே வாரத்தில் அதை அடைத்துவிடும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போனதால், அட்வான்ஸ் கொடுத்த பிறகு 'விலை ஏறிடுச்சு' என்பது சகஜமாகிவிட்டது. கொட்டேஷன் எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதி வாங்குங்கள்.

எடுத்து வரும் முன் கடையிலேயே ஓடவிடச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ராம் இரண்டு குச்சியா, வேகம் எவ்வளவு என்று தெரியும். டிடிஆர்5 6000 ராம் வாங்கியிருந்து 4800 காட்டினால், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி போடவில்லை. ஒரு நிமிட வேலை, பலர் செய்வதில்லை. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. அரை மணி நேரம் கேம் ஓடட்டும். காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பரணில் போடுங்கள்.

வாரண்டி என்று 3 ஆண்டு அச்சடிப்பார்கள். பழுதானதும் கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் காட்டுவார், அவர்கள் கடைக்காரரைக் காட்டுவார்கள். நடுவில் பஸ் செலவு உங்களுடையது. எந்த ஊர் சர்வீஸ் சென்டர், கொண்டுபோவது யார் பொறுப்பு என்று வாங்கும் அன்றே கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.