நெல் காயும் ரோட்டில் ஓடுமா இந்தக் கார்?

கேள்வி: ரெட்மி போன் விற்கிற ஷாவ்மி கார் விற்கிறதாமே. போன் கம்பெனிக்கு எப்படிக் கார் செய்யத் தெரிந்தது? நம்பி வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: விற்கிறது ஐயா, நன்றாகவே விற்கிறது. பத்து ஆண்டில் 1,000 கோடி டாலர் இதில் போடப்போகிறோம் என்று 2021 மார்ச்சில் அதன் தலைவர் லெய் ஜுன் அறிவித்தார். சரியாக மூன்றே ஆண்டு, 2024 மார்ச் 28 அன்று எஸ்யு7 என்ற முதல் மின்சாரக் கார் சீனாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அன்று 27 நிமிடத்தில் 50,000 புக்கிங். அந்த வருஷம் முடிவதற்குள் 1,35,000 கார்களுக்கு மேல் கைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எப்படி முடிந்தது என்றால், பெட்ரோல் காரில் கஷ்டமான பாகம் இன்ஜின். பிஸ்டன், கிராங்க், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றையும் வார்த்து, கடைந்து, சூடு தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது, ஐம்பது வருஷமாக அதைச் செய்தவனிடம் நேற்று வந்தவன் போட்டி போட முடியாது. மின்சாரக் காரில் அந்தச் சுவரே இல்லை. பேட்டரி, மோட்டார், இரண்டுக்கும் நடுவில் மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கிற இன்வெர்ட்டர், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பேட்டரியைக் கடையில் வாங்கலாம், ஷாவ்மியே சிஏடிஎல், பிஒய்டி என்ற இரண்டு சீன கம்பெனிகளிடம்தான் வாங்குகிறது. மிச்சம் இருப்பது திரை, சிப், சாஃப்ட்வேர், லட்சக்கணக்கில் உதிரிபாகம் பேரம் பேசி வாங்கும் திறமை. இதெல்லாம் போன் கம்பெனி தினமும் செய்கிற வேலை.

அந்த பிஒய்டியும் கார் கம்பெனியாகப் பிறந்தது இல்லை. 1995இல் ஷென்சென் நகரத்தில் பேட்டரி செய்ய ஆரம்பித்தது, மோட்டோரோலாவுக்கும் நோக்கியாவுக்கும் போன் பேட்டரி கொடுத்தது, 2003இல்தான் ஒரு சின்ன கார் கம்பெனியை விலைக்கு வாங்கி உள்ளே வந்தது. நம் வீட்டு மேஜை டிராயரில் எங்கேயாவது கிடக்கும் பழைய நோக்கியா போனுக்குள் அவர்கள் செய்த பேட்டரிகூட இருக்கலாம்.

ஆனால் காசு இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிளிடம் இல்லாத காசா? 2014இல் ரகசியமாகத் தொடங்கினார்கள், ஸ்டீயரிங்கே இல்லாமல் தானே ஓடும் கார் என்பார்கள், பிறகு சாதாரண கார் என்பார்கள், இப்படி மாற்றி மாற்றிப் பத்து வருஷம் ஓட்டி, 2024 பிப்ரவரியில் ஒரு கார்கூட வெளியே வராமல் மூடிவிட்டார்கள். தூசி உறிஞ்சும் மெஷின் செய்கிற டைசன் 50 கோடி பவுண்டு செலவழித்த பிறகு, இது லாபத்துக்கு வராது என்று 2019இல் வெளிப்படையாகச் சொல்லி விலகியது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். சீனாவின் இன்னொரு போன் கம்பெனியான ஹுவாவே வேறு வழி பார்த்தது, தானே கார் தொழிற்சாலை கட்டாமல், சாஃப்ட்வேரையும் கருவிகளையும் கார் கம்பெனிகளுக்குக் கொடுத்து, தன் போன் ஷோரூமிலேயே அந்தக் காரை வைத்து விற்கிறது.

ஷாவ்மி கார் நம் ஊர் ஷோரூமுக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும், வேறு எந்தப் புது கம்பெனி வந்தாலும், செய்யத் தெரிந்தவனா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், செய்யத் தெரியும். பத்து வருஷம் கழித்தும் இருப்பானா என்று கேளுங்கள்.

கேள்வி: கம்பெனி மூடிவிட்டால் காருக்கு என்ன ஆகும்? பழைய அம்பாசடர் இன்றைக்கும் ஓடுகிறதே?
– ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுக்க இந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன்.

அம்பாசடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஓடுகிறது, ஏனென்றால் அதற்குள் இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இரும்பு. நம் ஊர் லேத் பட்டறையில் ஒரு பாகத்தைக் கொண்டுபோய் வைத்தால் சாயங்காலத்துக்குள் அதே அளவில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். மின்சாரக் காரின் உயிர் பாதி சாஃப்ட்வேரில் இருக்கிறது, அந்த சாஃப்ட்வேரின் சாவி கம்பெனியின் சர்வரில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்று ஒரு மின்சாரக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவாலானது. விற்காமல் நின்ற சுமார் 3,000 கார்களை வாடகைக்கு விடுவதற்காக ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது, வாங்கிய பிறகுதான் அந்தக் கார்களின் தகவல்களைப் பழைய கம்பெனியின் சர்வரிலிருந்து வேறு சர்வருக்கு அப்படியே மாற்ற முடியாது என்று தெரிந்து கோர்ட்டில் போய் நின்றது. கார் வாங்கிய சாதாரண ஜனங்கள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, உதிரிபாகம் தேடி, சாஃப்ட்வேர் தெரிந்தவர்களைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீனாவில் பைடு என்ற தேடுபொறி கம்பெனியும் ஜீலி என்ற கார் கம்பெனியும் சேர்ந்து நடத்திய ஜியுவே என்ற மின்சாரக் கார் கம்பெனி, 2024 டிசம்பரில் திடீரென்று தள்ளாடி விழுந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை என்பதால் கவலை இல்லை என்று நினைத்து வாங்கியவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் வலங்கைமான் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு சிவப்பு எண் வந்து அப்படியே நின்றது. தள்ளிக்கொண்டே வந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் கடையில் விட்டேன். முப்பது வருஷமாக டிவிஎஸ் 50, புல்லட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிறவர் அவர். சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, "இது பேசற பாஷை எனக்குத் தெரியலண்ணே, இதுக்கு அவங்க லேப்டாப்தான் வேணும்" என்றார். அவர் அப்படிக் கைகட்டி நின்று நான் பார்த்ததே இல்லை. அவர்கள் லேப்டாப் இருந்த ஷோரூம் அதற்குள் காலியாகி அந்த இடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கண்ட்ரோலர் என்று பெயர், புதிது ஒன்று வந்துசேர நாலு மாசம் ஆனது.

ஆகையால் டீச்சர், காரில் எத்தனை அங்குலத் திரை என்பதைக் கடைசியில் பாருங்கள். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு லாரியில் ஏற்ற வேண்டுமா? பேட்டரிக்கு இங்கே பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள், அதை எழுத்தில் வாங்குங்கள், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படியுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கார் ஓடுமா, கதவு திறக்குமா என்று விற்கிறவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

கேள்வி: தானே ஓடும் கார் நம் பக்கத்து ரோட்டில் ஓடுமா?
– திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விவசாயி

பதில்: இப்போதைக்கு ஓடாது, ஓட்டவும் கூடாது. அறுவடை நேரத்தில் நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், ரோட்டில் பாதி நெல், நெல்லுக்கு மேல் வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல்லும் தென்னை மட்டையும். எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் யார் ஒதுங்குவது என்பதைக் கண்ணாலேயே பேசி முடிவு செய்கிறோம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓடப் பழகிய கேமராவுக்கு இது புரியாது.

கோடெல்லாம் ஒழுங்காகப் போட்ட ரோட்டிலேயே விபரீதம் நடந்திருக்கிறது. 2025 மார்ச் 29 ராத்திரி சீனாவின் அன்ஹுய் மாகாணத்து நெடுஞ்சாலையில் அந்த எஸ்யு7 கார் ஒன்று, ஓட்டுநருக்கு உதவும் முறையில் மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. ரோடு வேலைக்காகப் பாதை அடைத்திருந்த இடத்தில் கார் எச்சரிக்கை செய்து ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தன் கையில் எடுத்த சில வினாடிக்குள் தடுப்பில் மோதித் தீப்பிடித்து, உள்ளே இருந்த மூன்று கல்லூரி மாணவிகள் இறந்துபோனார்கள். அதற்கடுத்த மாதமே, தானியங்கி ஓட்டம் என்ற மாதிரி வார்த்தைகளை விளம்பரத்தில் போடக்கூடாது என்று சீன அரசு கம்பெனிகளைக் கண்டித்தது. போனில் ஒரு பிழை இருந்தால் அடுத்த அப்டேட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தொட வருகிறார்களே என்பதுதான் இந்தக் கம்பெனிகளைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய பயம்.

கேள்வி: மழை, வெள்ளம், கரண்ட் கட். நம் ஊருக்கு மின்சாரக் கார் தாங்குமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மழைத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம் அம்மா. நல்ல கம்பெனி பேட்டரிப் பெட்டிகள் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காத அளவுக்கு மூடியிருக்கும். உப்புத் தண்ணீர்தான் ஆபத்து. 2022இல் இயான் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது கடல் நீரில் மூழ்கிய மின்சார வண்டிகள் சில, தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடித்தன. நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் சொல்கிறேன், புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை முதலில் மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கடல் தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், வீட்டிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் பற்றி. 2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் இருந்தவர்கள் நாம், அதனால் இந்தக் கேள்வி நியாயம். ஆனால் சில கார்களில் பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. 40 யூனிட் பேட்டரி முழுசாக இருந்தால் இரண்டு ஃபேன், நாலு லைட், போன் சார்ஜ் என்று சிக்கனமாக ஒரு வாரம் தள்ளலாம். கஜா சமயத்தில் போனை சார்ஜ் போட ஜெனரேட்டர் இருந்த கடை வாசலில் வரிசையில் நின்றது எனக்கு மறக்கவில்லை, ஆகவே அந்த வசதி இருக்கிற காரைத்தான் நான் வாங்கச் சொல்வேன். வீட்டில் 15 ஆம்பியர் பிளக் போதும், எர்த் மட்டும் சரியாக இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகை இலவச கனெக்‌ஷனில் சார்ஜ் போடலாமா என்று போன மாதம் இன்னொருவர் கேட்டிருந்தார், கூடாது, அது விவசாயத்துக்குக் கொடுத்தது.

கேள்வி: ஐயா, நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். இந்த மாற்றத்தில் எனக்கு வேலை இருக்குமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: இருக்கும் தம்பி. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்தது, ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 கார். ஏதர் ஸ்கூட்டர் ஓசூரில் செய்கிறார்கள். அங்கே போவதும் நல்ல வேலைதான். ஆனால் நான் ஆசைப்படுவது வேறு. கார்கள் டெல்டாவுக்கும் வந்துகொண்டே இருக்கும், அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை இங்கே இல்லை. மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்றால் என்ன என்று படி, ஆரஞ்சு நிற ஒயரில் 300, 400 வோல்ட் ஓடும் என்பதால் அந்த வோல்ட்டைத் தாங்கவென்றே செய்த ரப்பர் கையுறை இல்லாமல் அதைத் தொடாதே. லீவு நாளில் கும்பகோணம் பக்கம் வந்தால் எழுது, அந்த வலங்கைமான் ரோட்டு மெக்கானிக்கிடம் உன்னைக் கூட்டிப்போகிறேன். கறுப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லித்தர ஒரு பையன் வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.