'ரன் அவுட்' என்றாலே போதாதா, அப்புறம் எதற்கு ஒரு 'ஆஃப்'?

ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்பது ஒரு வினையும் 'அப்', 'அவுட்', 'ஆன்' மாதிரி ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவது. 'ரன்' என்றால் ஓடுவது, 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. பால் தீர்ந்துவிட்டது என்பதை 'தி மில்க் ரேன் அவுட்' என்று சொல்லி அதோடு நிறுத்திவிடலாம். ஆனால் நம்மிடம் பால் தீர்ந்துவிட்டது என்று 'வீ'யில் ஆரம்பித்தால், எது தீர்ந்தது என்று சொல்ல 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்று ஒரு 'ஆஃப்' வேண்டும். குட்டிச் சொல் பொருளை மாற்றுகிறது, அதன் பின்னால் வரும் ப்ரெபோசிஷன் (பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஆஃப்' மாதிரிச் சொல்) அடுத்த பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து சேர்க்கிறது, இரண்டுக்கும் வேலை வேறு.

தமிழிலும் இது இருக்கிறது. 'நாங்கள் ஒத்துப்போகிறோம்' என்றால் முடிந்தது. யாரோடு என்று சொல்ல வேண்டுமானால்தான் 'ஓடு' வருகிறது, 'மாமியாரோடு ஒத்துப்போகிறாள்' என்கிறோம். 'வீ கெட் ஆன்', 'ஷி கெட்ஸ் ஆன் வித் ஹெர் மதர்-இன்-லா' இரண்டும் அச்சு அசல் இதேதான்.

'புட் அப் வித்' கொஞ்சம் பிடிவாதமானது. சகித்துக்கொள்வது என்ற பொருளில் அதன் 'வித்'தை விடவே முடியாது, நடுவில் பெயரைச் செருகவும் முடியாது. இதை மொத்தமாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும், சரியா?

இன்னொன்று, ஆவலோடு எதிர்பார்ப்பது என்ற பொருள் தரும் 'லுக் ஃபார்வர்ட் டு'வில் வரும் 'டு'வை 'ஐ வான்ட் டு கோ'வில் வரும் 'டு' என்று நினைத்து 'டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள். அது ப்ரெபோசிஷன், அதனால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதே சரி.