ரக்சி இன்சூரன்ஸ் குறையவேண்டும் என்றால் இப்போதே உங்கள் பெயரில் பொலிசி எடுத்து ஓடத் தொடங்குங்கள்

தம்பி, கிளிநொச்சியில் ஆட்டோ ஓடியவர், லண்டனுக்குப் புதிது, மினிகாப் (முன்கூட்டியே பதிந்து கூப்பிடும் ரக்சி) ஓட ஆசை, ஆனால் இன்சூரன்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, எப்படிக் குறைக்கலாம், எந்தக் கார் நல்லது, வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாங்குளத்துப் பக்கம். வந்த புதிதில் இதையே தமிழ்க் கடை வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், பாதி பொய்.

முதலில் அவசரப்படாதீர்கள். இலங்கை லைசன்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓடலாம், அதை மாற்றித் தரமாட்டார்கள், எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் புதிதாகப் பாஸ் பண்ணவேண்டும். லண்டனில் மினிகாப் லைசன்ஸ் எடுக்க அந்த பிரிட்டிஷ் லைசன்ஸ் மூன்று வருடமாவது பழையதாக இருக்கவேண்டும். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகும். ஆனால் ரக்சி இன்சூரன்ஸ் குறைவதும் கூடுவதும் அந்த மூன்று வருடத்தில்தான். ஒரு சின்னப் பழைய கார், உங்கள் சொந்தப் பெயரில் பொலிசி, கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் போனஸ், அதாவது பிரீமியத்தில் கழிவு. சொந்தக் காரில் சேர்த்த போனஸைக் கணக்கில் எடுக்கும் ரக்சி இன்சூரன்ஸ் கொம்பனிகளும் இருக்கின்றன, கேட்டுப் பார்த்து எடுக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கட ஆட்கள் குறுக்கே வருவார்கள். "மாமாவின் பெயரில் போடுவம், நீ இரண்டாவது டிரைவர், பாதிக் காசு மிச்சம்." மாமா காரைத் தொடவே மாட்டார், ஓடுவது முழுக்க நீங்கள். அது மோசடி தம்பி. விபத்து நடந்தால் கொம்பனி கைவிரித்துவிடும். பிடிபடாவிட்டாலும் போனஸ் சேருவது மாமாவுக்கு, உங்களுக்கு இல்லை. மூன்று வருடம் ஓடிவிட்டுப் போய் நின்றால் நீங்கள் நேற்று வந்தவர்தான்.

இன்னும் மோசமானவன் வட்ஸ்அப்பில் மலிவாகப் பொலிசி எடுத்துத் தருகிறேன் என்று வருபவன். ஊர்க்காரன், கோயிலில் கண்ட முகம், அண்ணை அண்ணை என்று கூப்பிடுவான். பத்திரம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் அது போலியாக இருக்கலாம், அல்லது உங்கள் வயதையும் விலாசத்தையும் மாற்றி எடுத்ததாக இருக்கலாம், அல்லது எடுத்த கையோடு ரத்துச் செய்ததாக இருக்கலாம். பொலிஸ் கமெரா நம்பர் பிளேட்டைப் பார்த்தே இன்சூரன்ஸ் இல்லை என்று கண்டுபிடித்துவிடும். 300 பவுண்ஸ் தண்டம், லைசன்ஸில் 6 தண்டப் புள்ளி, காரும் போகும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்ஸே ரத்து, திரும்பவும் எல்-போர்டிலிருந்து தொடங்கவேண்டும். புரோக்கரின் பெயர் எஃப்சிஏ (இங்கத்தைய நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு) பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், கார் நம்பரை மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள்.

அதேமாதிரி சாதாரணக் கார் பொலிசியை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றுவது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்கெல்லாம் அந்தப் பொலிசி செல்லாது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவதும் அதுவும் ஒன்றுதான். புதுக் காரை விம்பிள்டன் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்வார்கள், சரியான பொலிசிக்குக் காசு கட்டச் சொன்னால் மட்டும் கை நடுங்கும்.

ஊரில் எங்களுக்கு இருந்த இன்சூரன்ஸ் முறிகண்டிப் பிள்ளையார்தான், இல்லையா? ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் அதில் நிற்கும், ஒரு தேங்காய் உடைத்தால் விசயம் முடிந்தது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் எரிபொருளே கிடையாது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். புகை கண்ணைக் கரிக்கும். பிரேக் எப்போது பிடிக்கும் என்று தெரியாத லொறியில் நெல்மூட்டைக்கு மேலே ஆட்களை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஓடியவர்கள் நாங்கள். அப்படி ஓடிப் பழகியவன்தான் இன்று மணிக்கு 20 மைல் எல்லை போட்ட ரோட்டில் 20க்கு மேலே போவதில்லை. பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கட்டும். ஸ்பீட் கமெராவுக்கு 3 புள்ளி, கையில் போன் வைத்திருந்தால் 6, அவ்வளவும் அடுத்த வருட இன்சூரன்ஸில் வந்து நிற்கும்.

மற்றதெல்லாம் சில்லறை விசயம். மாதாமாதம் கட்டினால் வட்டி, முடிந்தால் ஒரேயடியாகக் கட்டுங்கள். பொலிசி முடிய மூன்று கிழமை இருக்கும்போதே விலை கேளுங்கள். எக்ஸெஸைக் கூட்டினால் பிரீமியம் குறையும், ஆனால் இடிபட்டால் அந்தக் காசு உங்கள் பொக்கற்றிலிருந்து போகும். டாஷ்காம் (ரோட்டைப் படம் பிடிக்கும் கார் கமெரா) கட்டாயம் பூட்டுங்கள், வேண்டுமென்றே பிரேக் அடித்து இடிக்கவைத்துக் காசு பறிக்கிற கூட்டம் இங்கே உண்டு. சின்ன இடி என்று ரோட்டிலேயே காசு கொடுத்து முடிக்காதீர்கள், இரண்டு மாதம் கழித்துக் கழுத்து வலி என்று கடிதம் வரும்.

எந்தக் கார் என்பதை இப்போது ஓடுகிறவர்களிடம் கேளுங்கள். 2023 முதல் லண்டனில் புதிதாகப் பதியும் மினிகாப்புக்கு விதி மாறிவிட்டது, பழைய டொயோட்டா பிரியஸ் காரை வாங்கி ஏமாறாதீர்கள். வாடகைக் கார் என்றால் வாரக் காசுக்குள்ளேயே பெரும்பாலும் இன்சூரன்ஸும் அடக்கம், தொடங்க வசதிதான், ஆனால் பொலிசி அவர்களுடையது, போனஸ் உங்களுக்குச் சேராது. கிளெய்ம் இல்லாமல் ஓடினேன் என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். காரின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கிற அன்றே வாங்குங்கள், பிறகு போன் எடுக்கமாட்டார்கள்.