ஐபேடில் வேறு படம் பேசிவிடுகிறதா? ஆப்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை ஐபேட் குரலாகப் பேசும் ஆப்பை உங்கள் மகன் பயன்படுத்துகிறான்; மூளை முடக்குவாதம் உள்ள அவன் ‘தண்ணீர்’ தொடப்போனால் ‘தூக்கம்’ பேசுகிறது, ஆப்பை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். ஐபேடின் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டச், அதற்குள் டச் அகாமடேஷன்ஸ். அதை ஆன் செய்து, ‘ஹோல்டு டியூரேஷன்’ 0.3 விநாடியில் தொடங்குங்கள். விரல் அவ்வளவு நேரம் நின்றால்தான் தொடுதலாக எடுத்துக்கொள்ளும். உரசிப் போவதை விட்டுவிடும்.

வேறு படம் பேசுவதற்குப் பல நேரங்களில் காரணம் சுட்டுவிரல் அல்ல, மணிக்கட்டு தாழ்ந்திருப்பது. சுட்டுவிரல் மேலே போவதற்குள் உள்ளங்கையோ சுண்டுவிரலோ கீழே பட்டுவிடும்.

1. அவன் தொடும்போது திரையை விட்டுவிட்டுக் கையை மட்டும் கவனியுங்கள். தவறாகப் பேசுவது எப்போதும் கீழ் வரிசைப் படம்தான் என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.
2. அப்படியானால் கீகார்டு எனும் துளையிட்ட பிளாஸ்டிக் தகடு வாங்குங்கள். கையை அதன்மேல் ஊன்றியே தொடலாம். உங்கள் ஆப்பின் கட்ட எண்ணிக்கைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.
3. கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் பலகை வையுங்கள். உடம்பு நிலைத்தால் கையும் நிலைக்கும்.

‘ஹோல்டு டியூரேஷன்’ நேரத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். கை நிற்காமல் சலித்து, கேட்பதையே விட்டுவிடுவான். படங்களின் இடத்தையும் தயவுசெய்து மாற்றாதீர்கள்; ‘தண்ணீர்’ எங்கே என்று அவன் கைக்குப் பழகியிருக்கும்.