பதில்: விநியோகஸ்தர் தன் பெயரில் டிரேட்மார்க் பதியக் கேட்கிறார்

உங்கள் பொருளை வெளிநாட்டில் விற்கப்போகும் விநியோகஸ்தர், அங்கே தான் மட்டுமே விற்க ஐந்து வருட ஏகபோக உரிமையும், டிரேட்மார்க்கை "வசதிக்காக" தன் பெயரில் பதியவும் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். டிரேட்மார்க்கை அவர் பெயரில் பதிய ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்து வருட ஏகபோக உரிமையைவிட இதுதான் ஆபத்து. பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. சீனா இதற்கு நல்ல உதாரணம். நாளை நீங்கள் வேறு விநியோகஸ்தரைத் தேடினால், உங்கள் சரக்கையே சுங்கத்தில் நிறுத்த அவரால் முடியும். அனுமதியில்லாமல் முகவர் (உங்கள் சார்பில் செயல்படுபவர்) பதிந்தால் எதிர்க்க, டிரேட்மார்க் போன்ற உரிமைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் வழி இருக்கிறது. நீங்களே சரி என்று எழுதிக் கொடுத்தால் அந்த வழியும் போச்சு.

விநியோகஸ்தரின் நாடு மாட்ரிட் நெறிமுறையில் (பல நாடுகளில் டிரேட்மார்க் பதிய ஒரே விண்ணப்பம் போதும் என்னும் பன்னாட்டு ஏற்பாடு) இருந்தால், உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அவருக்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் போதும்.

ஏகபோகம் கொடுக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் குறைந்தபட்சக் கொள்முதல் அளவு எழுதுங்கள். அதை எட்டாவிட்டால் ஏகபோகம் தானாகவே போய்விடும், நீங்கள் வேறு விநியோகஸ்தரையும் நியமிக்கலாம் என்று இருக்கட்டும். முதல் தடவையே ஐந்து வருடம் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது, இரண்டு போதும்.

"தகராறு வந்தால் எங்கள் ஊர் கோர்ட்" என்று போடப் பலருக்கும் ஆசை. அந்தத் தீர்ப்பை அவர் நாட்டில் நிறைவேற்றுவது பெரும்பாடு. நடுவர் மன்றம் (கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்புச் சொல்வது) என்று எழுதினால், 1958 நியூயார்க் உடன்படிக்கையின்படி 170-க்கும் அதிகமான நாடுகளில் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கலாம். அப்புறம், ஒப்பந்தத்தில் அவரை "முகவர்" என்று எங்கும் குறிப்பிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முகவரை நீக்கினால் இழப்பீடு கேட்கச் சட்டமே இடம் தருகிறது. கையெழுத்துக்கு முன் அந்த நாட்டு வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.